வாங்கில்லாத பஸ்

மூன்றாவது வாங்குப் பலகையில் இருந்த சிவக்கொழுந்து எழும்பவில்லை.

பஸ்ஸின் வாசலில் ஊர்த் தலைமைக்காரர், விதானையார் மார்க்கண்டு நின்றார். அவருக்குப் பின்னால், நெல்லியடிச் சந்தியில், சால்வை போட்ட பதினெட்டுப் பேர். யாழ்ப்பாணத்துக்கு அந்தப் பஸ்ஸின் முதல் ஓட்டம் அது. குளித்து, திருநீறு பூசி, கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி வந்திருந்தார்கள். ஒருவரும் ஏறவில்லை.

சிவக்கொழுந்தின் தகப்பன் கள் இறக்குகிறவர். அந்தச் சாதி ஆட்கள் பஸ்ஸில் ஏறலாம், காசும் கொடுக்கலாம். ஆனால் வாங்கில் இருக்கக்கூடாது, நிலத்தில்தான் குந்தவேண்டும். 1934இல் அதுதான் ஊர் வழக்கம்.

"அருளம்பலம், உவளை எழுப்பிக் கீழை இருத்து. பிறகு நாங்கள் ஏறுறம்."

விதானையார் சத்தம் போடவில்லை. பந்தியில் இலை போடச் சொல்கிறவர் போலத்தான் சொன்னார்.

பஸ் அருளம்பலத்தினுடையது. இரண்டு புகையிலைத் தோட்டங்களையும் விற்று வாங்கியது. இந்தப் பதினெட்டுப் பேர் இன்றைக்கு ஏறாவிட்டால் நாளைக்கு ஊரில் ஒருவரும் ஏறமாட்டார்கள். தோட்டம் ஏற்கெனவே போய்விட்டது. இனி பஸ்ஸும் போய்விடும்.

சிவக்கொழுந்து முன் வாங்கின் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நிறைமாதம். விடியற்காலையிலிருந்து இடுப்பு வலி. விதானையாரின் சொல்லுக்குப் பயந்து ஊர் மருத்துவிச்சி அவள் இருந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஏன் அப்படி ஒரு தடை என்பதைப் பிறகு சொல்கிறேன். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியை விட்டால் அவளுக்கு வேறு வழி இல்லை.

அருளம்பலம் பஸ்ஸுக்குள் ஏறினார். ஸ்பானரை எடுத்தார்.

முதல் வாங்கின் திருகாணிகளைக் கழற்றி, வாங்கைத் தூக்கிக்கொண்டு இறங்கி, விதானையாரின் காலடியில் வைத்தார். பிறகு இரண்டாவது. சனத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது விதானையார் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். இனி ஏறுகிறவர்கள் எல்லாருமே நிலத்தில்தான் இருக்கவேண்டும்.

இந்த இடத்தை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

மூன்றாவது வாங்கடியில் அவருடைய கை நின்றுவிட்டது. சிவக்கொழுந்தைப் பார்த்தார். இருபது மைல் கிட்ட, பள்ளமும் திட்டியுமான தெரு. விதானையார் சொல்லி எழும்பாதவள் அப்போது தானாக எழும்பினாள்.

"கழட்டுங்கோ. எனக்குப் படுக்கவேணும்."

ஏழு வாங்குகளும் தெருவோரத்துக்கு வந்து சேர்ந்தன. சாக்கு விரித்து அவள் படுத்துக்கொண்டாள். பஸ் புறப்பட்டது. பதினெட்டுப் பேரில் ஒருவரும் ஏறவில்லை. களைத்துப்போய், தெருவோரத்து வாங்குகளில் இருந்துகொண்டு பார்த்தார்களாம். கேட்டபடி அவர்களுக்கு வாங்கு கிடைத்தது. பஸ்தான் போய்விட்டது.

வலி முற்றி, நீர்வேலிக்கு அங்கால் போக முடியவில்லை. வாழைத் தோட்டம் ஒன்றின் அருகே அருளம்பலம் பஸ்ஸை நிறுத்திக் கூப்பாடு போட்டார். சந்தைக்குக் குலை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து ஏறினார்கள். யார் எவர் என்று அவர்கள் கேட்கவில்லை. வாங்குகள் இருந்திருந்தால் அவர்கள் குனியக்கூட இடம் இருந்திருக்காது.

அரை மணித்தியாலத்தில் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை.

பஸ் எப்படியும் பட்டணத்துக்குத்தானே போகிறது என்று அந்தப் பெண்கள் குலைகளையும் ஏற்றினார்கள். சிவக்கொழுந்து காலை மடக்கி இடம் விட்டாள். அறுபது குலைகள் அடங்கின. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அருளம்பலம் திரும்பித் திரும்பிப் பார்த்தாராம், ஒருதரம் பிள்ளையை, ஒருதரம் குலைகளை.

எங்கள் ஊர் கரவெட்டியில் சிரித்தார்கள். பிள்ளை பிறந்த பஸ் துடக்கு, தீட்டுப் பட்டது, இனி எவன் ஏறுவான் என்று கேட்டார்கள். கேட்கட்டும். வாழைக்குலைக்குத் துடக்கு இல்லை. புகையிலைச் சிப்பத்துக்கும் இல்லை. பத்து வருசத்தில் முப்பது லொறிகள், ஒரு எண்ணெய் ஆலை, ஒரு ஐஸ் ஆலை. விதானையாரின் புகையிலையும் அருளம்பலத்தின் லொறியில்தான் கொழும்புக்குப் போனது. கூலியில் ஒரு சதம் குறைக்கவில்லை.

என்னுடைய பிறப்புப் பத்திரத்தில், பிறந்த இடம் என்பதற்கு நேரே, அந்தப் பஸ்ஸின் இலக்கம் இருக்கிறது. ஆஸ்பத்திரி என்று போட்டுவிடுவோமே என்று பதிவுகாரர் கேட்டாராம். அம்மா விடவில்லை.

மருத்துவிச்சி ஏறாத அந்தப் படி எங்கள் வீட்டுப் படி. சாதி மாறிச் சேர்ந்து வாழ்ந்ததற்குத்தான் அந்தத் தடை.

தகப்பன் பெயரைப் பதிவுகாரர் இரண்டு தரம் கேட்டார். அப்பா இரண்டு தரமும், வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி, அருளம்பலம் என்றே சொன்னார்.