மருந்து போட்ட கோழி

மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் முற்றத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காலடியில் என் இருபத்திரண்டு கோழிகளும் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றைக்கூட அறுக்க முடியாது.

அன்று காலையில்தான் அத்தனைக்கும் புழு மருந்து கொடுத்திருந்தேன்.

அடுத்த வாரம் பெண் பார்க்க வருகிறோம் என்று சொன்னவர்கள்தான். வேறு வேலையாகக் கிளம்பியவர்களுக்கு எதிரே நிறைகுடம் வந்ததாம். நல்ல சகுனத்தை விடக்கூடாது என்று தரகர் பாஜல் நேரே இங்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கென்ன!

கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாயிற்று. செம்பை முன்னால் வைத்து ஜோஹார் என்று வணக்கமும் சொல்லியாயிற்று. அடுத்தது கோழிதான். எங்கள் சந்தால் ஊர்களில் சம்பந்தம் பேச வந்தவர்களுக்குக் கோழி அறுக்காவிட்டால், எழுந்து போங்கள் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

என் வீட்டுக்காரர் அடுப்படிக்கு வந்து பல்லைக் கடித்தார்.

"ஒண்ணைப் பிடிடி. எவனுக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"தெரிஞ்சு கிழிச்சே. இருபத்தாறு வயசுப் பொண்ணை வீட்டுல வெச்சுக்கிட்டுப் பேசுற பேச்சைப் பாரு."

அவர் சொன்னதும் பொய்யில்லை. மகள் பான்முனிக்கு இது மூன்றாவது இடம். ஒருவன் படிப்பு அதிகம் என்றான். இன்னொருவன் வயது அதிகம் என்றான்.

ஊரில் ஆடு கோழிக்கு வைத்தியம் பார்ப்பவள் நான். நான் இதைத் தொடங்கும் முன்னால் இங்கே எல்லோரும் ஆட்டுக்கு வாங்கிய மருந்தையே கோழிக்கும் ஒரு மூடி ஊற்றுவார்கள். மத்தியானத்துக்குள் கோழி கழுத்தைத் தொங்கப் போடும். நான் பதினைந்து நாள் பயிற்சிக்குப் போய், எதற்கு எந்த மருந்து, எந்த எடைக்கு எத்தனை சொட்டு என்று கற்றுக்கொண்டு வந்தேன். கோழியைத் தராசில் தொங்கவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் அலகோரம் விடுவேன். மருந்தில் இதுவரை ஒரு கோழி செத்ததில்லை.

கொடுத்த கையோடு வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். இந்த மருந்துக்குப் பத்து நாள். அதுவரை அறுக்காதீங்க, முட்டையும் சாப்பிடாதீங்க. ஒரு வேளைச் சோற்றில் தெரிகிற கெடுதல் இல்லை, உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் என்று பயிற்சியில் சொன்னார்கள்.

அன்று காலை முப்பத்து நான்கு வாசலில் அதைச் சொல்லியிருந்தேன். கடன் கேட்கக்கூட ஊரில் மருந்து படாத கோழி ஒன்று மிச்சமில்லை. சந்தைக்கு இன்னும் மூன்று நாள்.

பான்முனி புதுச்சேலையில், கையில் சீப்போடு நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. நானாக அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

உளுந்தம்பருப்பும் பூசணிக்காயும் வைத்தேன். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னேன்.

மாப்பிள்ளையின் அப்பா பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்தார்.

"மருந்தா? நல்லாச் சொன்னே தாயி. கோழி காலைச் சுத்துது, இலையில பூசணிக்கா."

ஐந்து பேரும் கை கழுவினார்கள். தரகர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

போனவர்கள் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. மூன்று வீடு தள்ளி மைனோ, உச்சி வெயிலில் பட்டினியாகப் போகலாமா என்று கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறாள். இரண்டு கோழி அடித்திருக்கிறாள். இரண்டும் காலையில் என் தராசில் தொங்கியவை. தாளிக்கிற வாசனை என் முற்றம் வரைக்கும் வந்தது.

மைனோவுக்கும் ஒரு பெண் இருக்கிறாள். பத்தொன்பது வயது.

அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஐந்து பேரில் ஒருவனுக்காவது வயிறு வலிக்க வேண்டும் என்று நான்கு நாள் காத்திருந்தேன். படித்தவள்தான், இருந்தும் காத்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் மைனோ சிரித்த முகத்தோடு வந்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதே. அவங்கதான் கேட்டாங்க, நான் என்ன பண்ண? அடுத்த மாசம் பதினெட்டுல கல்யாணம் வெச்சிருக்கு. விருந்துக்கு நாப்பது கோழி தேறணும். மறுபடி ஒரு தரம் மருந்து போடணும்னு சொன்னியே, நீயே வந்து போட்டுக்குடு. உன் கைதான் சுத்தம்."

துடைப்பத்தால் நாலு போடலாம் என்றிருந்தது. ஆனால் விரல் தானாக மடங்கிக் கணக்குப் போட்டது.

"ஆறாம் தேதி வரேன். அதுக்கப்புறம் பத்து நாள் ஒண்ணையும் தொடக் கூடாது."

"ஐயோ, உன் பேச்சைத் தட்டுவேனா?"

பான்முனி உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

"அன்னிக்குச் சாப்பிட்டவங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலையா சித்தி?"

"என்ன ஆகும்? சம்பந்தி ரெண்டாந்தரம் கேட்டு வாங்கில்ல சாப்பிட்டாரு!"

மைனோ சொல்லிச் சிரித்தாள். பான்முனி அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.