மூன்றாவது வரி

அருணா நோட்டில் இரண்டாவது வரியை எழுதிவிட்டு நேராக நாலாவது வரிக்குத் தாவினாள்.

தெரியாமல் இல்லை. வேண்டுமென்றேதான்.

x-ஐயும் cos x-ஐயும் பெருக்கித் தொகையிடும் கணக்கு. பன்னிரண்டாம் வகுப்பில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவாள். கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்குவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். மூன்று வருஷமாகிறது.

பழைய வகுப்பின் வாட்ஸப் குழுவைக் கலைக்காமல், கணக்கு ஆசிரியர் வருஷா வருஷம் அதிலேயே புதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். போன ஆடியில் சந்தவாசல் ஊரிலிருந்து சுவேதா என்று ஒரு பெண் அதில் ஒரு கணக்கு கேட்டாள். யாரும் வாய் திறக்கவில்லை. அருணா போட்டுக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அருணாவுக்குத் தனியாக ஒரு கணக்கு வரும்.

முழுசாகப் போட்டுக் கொடுத்தால் ஒரு கும்பிடு பொம்மையோடு பேச்சு முடிந்துவிடும். எப்போதும்போல் மூன்றாவது வரியை விட்டுவிட்டால், புரியலக்கா என்று வரும். விளக்கினால் இன்னொரு கேள்வி வரும். சாப்டீங்களாக்கா என்றுகூட ஒரு நாள் வந்தது.

கெட்ட புத்திதான். அவளுக்கே தெரியும். ஆனால் பேச வேறு யார் இருக்கிறார்கள்? புருஷன் விஜயராஜ் குடகுக் காப்பித் தோட்டத்துக்குப் போய் நாலு மாதம். போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு போன மாதம்மாள், அருணா உட்கார்ந்திருந்த பாறைக்குக் கீழே நின்றாள்.

"இன்னா அருணா, எந்நேரமும் பாற மேலயே கெடக்கிற? வூட்டுக்காரரு பேசறாரா?"

"பேசிட்டுதாங்க்கா இருக்காரு."

ஊரில் சிக்னல் கிடைப்பது இந்தப் பாறை மேல் மட்டும்தான். அதிலும் எழுத்து உடனே வந்துவிடும். போட்டோ போவதற்குள் உயிர் போய்விடும்.

அருணா நோட்டைப் பார்த்தாள். நாளைக்குப் பரீட்சை. இதுதான் கடைசிக் கணக்கு என்று சுவேதா எழுதியிருந்தாள். நாளையிலிருந்து இந்தப் பாறைக்கு ஏறி வர வேலையே இல்லை.

இன்றைக்கு மட்டும் இரண்டு வரியாக விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

பரீட்சையில் அந்தப் பெண் அதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றால்?

சீ, என்ன பிழைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இடுக்கில் பொடி எழுத்தில் மூன்றாவது வரியை நுழைத்தாள். எந்தச் சந்தேகமும் வராதபடி பக்கத்திலேயே விளக்கமும் எழுதினாள். போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, கும்பிடு பொம்மைக்காகக் காத்திருந்தாள்.

போன் அதிர்ந்தது.

'அக்கா, மூணாவது வரி புரியலக்கா.'

அருணாவுக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு தெளிவாக எழுதியும் புரியவில்லையா? அப்படி என்னதான் எழுதியிருக்கிறோம் என்று, அனுப்பிய போட்டோவைத் தேடிப் பார்த்தாள்.

அது இன்னும் போகவே இல்லை.