காதில் சொன்னது

ஜேசுராஜ் ஜெர்சனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது கோயிலில், வேதபாடம் வாசிக்கிற இடத்தில்தான்.

கேம்ப் ஏரியாக் கோயிலின் தமிழ் ஆராதனையில் யார் வாசிப்பது என்று முடிவு செய்கிறவர் ஜேசுராஜ். ஜெர்சன் போபோடியில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் தமிழ், வெளியே இறங்கினால் மராத்தி. தன் முறை வந்தால் வாரம் முழுக்க மனைவி ஹெலினாவிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் வருவான்.

அன்று முதல் வசனத்திலேயே தடுமாறினான். வார்த்தைகள் குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. வாசித்ததையே திரும்ப வாசித்தான்.

"அங்கிள் தமிழ் நம்ம தமிழைவிட மோசம்டா," என்றது பின்வரிசையில் ஒரு குரல். பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஜேசுராஜுக்கு மானம் போயிற்று. எழுந்து போய் ஜெர்சனின் தோளில் கை வைத்து, காதோடு சொன்னார்.

"படிக்காம வந்து தமிழக் கொல்லுதியே, வெக்கமா இல்ல? போய் உக்காருடே."

"அண்ணே..." என்றான் ஜெர்சன். அதற்குமேல் நாக்கு புரளவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனான்.

மிச்சத்தை ஜேசுராஜ் கணீரென்று வாசித்து முடித்தார். ஆராதனை முடிந்ததும் நேரே கமிட்டி மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

பாடகர் குழு நிற்கும் மாடியிலிருந்து ஹெலினா இறங்கி வந்து பார்த்தபோது ஜெர்சன் பெஞ்சில் சரிந்து கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் ஜேசுராஜை உள்ளே விடவில்லை. வாசலில் நின்று, ஜெர்சனின் தம்பி கார்லிடம் டாக்டர் இந்தியில் சொன்னதைக் கேட்டார்.

"மூளைக்குப் போகிற ரத்தம் அடைபட்டால் நரம்பு செல்கள் நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டே போகும். முதலில் பேச்சு குழறியிருக்குமே, யாரும் கவனிக்கவில்லையா? அப்போதே கூட்டி வந்திருந்தால் பிழைக்க வழி இருந்தது."

ஜேசுராஜ் தரையைப் பார்த்தார். மறுநாள் ஜெர்சன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து ஜெர்சன் வீட்டுக்குப் போனபோது ஹெலினா எழுந்து அவரிடம் வந்தாள்.

"அத்தனை பேர்ல அவுகளுக்கு முடியலன்னு கண்டுகிட்டது நீங்க ஒருத்தர்தாண்ணே. எல்லாரும் சிரிக்கையில நீங்க மட்டும் எந்திச்சுப் போயி தோளப் பிடிச்சீக. நான் மேல இருந்து பாத்தேன்."

"இல்லம்மா, நான்..."

"கடைசியா அவுககிட்டப் பேசினது நீங்கதான். காதுல என்னண்ணே சொன்னீக?"

கூடத்தில் இருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

ஜேசுராஜ் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"கொஞ்சம் இளைப்பாறு தம்பின்னு சொன்னேன்ம்மா."

ஹெலினா அவர் கை இரண்டையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஜெர்சனின் கல்லறைக் கல்லில் பெயரும் தேதியும் இங்கிலீஷில் இருக்கின்றன. அதற்குக் கீழே ஒரு வரி மட்டும் தமிழ்: 'கொஞ்சம் இளைப்பாறு தம்பி.'