வில்லும் வீம்பும்

“இனிமே உன் மூஞ்சியைப் பாத்து ஒரு ஸ்வரம்கூட வாசிக்க மாட்டேன்!”

முதல் வயலின்காரி போட்ட சத்தத்தில் ஒத்திகைக் கூடமே ஸ்தம்பித்தது. எதிரே செல்லோ வாத்தியத்தை அணைத்தபடி உட்கார்ந்திருந்த அவள் கணவனும் சளைக்கவில்லை.

“பாக்காதே! இங்க யாரு உன்னைக் கெஞ்சினா?”

விமானத்தில் ஜன்னலோர இருக்கை யாருக்கு என்பதில் தொடங்கிய பேச்சு, கல்யாணத்துக்கு வராத சித்தப்பா வரைக்கும் போய்விட்டது. அவள் வில்லைத் தளர்த்தி, வயலினைத் துடைத்துப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாள். அதற்கப்புறம்தான் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். அவன் வேறு வாசல் வழியாகப் போனான்.

மிச்சமிருந்த பதினாலு பேரும் இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நாடு நாடாகப் போய் வாசிக்கிற குழு அது. முன்னால் நின்று கோலசைத்து நடத்துகிறவர் என்று யாரும் கிடையாது. அவள் மூச்சை இழுத்து வில்லைத் தூக்குவாள், அவன் கண்ணால் ஏற்றுக்கொள்வான். அந்த ஒரு பார்வையில்தான் மொத்தக் குழுவும் தொடங்கும்.

போன ஊரிலேயே பாதி மானம் போயிருந்தது. பயண அலுப்பில் ஆளாளுக்குத் தன் இசைத் தாளைப் பார்த்து வாசிக்க, ‘பதினாறு பேரும் சேர்ந்தே தூங்கினார்கள்’ என்று பத்திரிகையில் வந்துவிட்டது. அதட்டிக் கேட்கவும் ஆளில்லை. எல்லோரும் சமம் என்பதுதானே குழுவின் பெருமை!

“போச்சு, எல்லாம் போச்சு” என்றார் டபுள் பாஸ்காரர். வாத்தியத்தோடு நின்றுகொண்டே வாசிப்பதால் அவருக்குத் ‘தூண்’ என்று பெயர். “அடுத்த வருஷம் நம்மளைக் கூப்பிடலாமா வேண்டாமான்னு முடிவு பண்றவங்க இன்னிக்கு முன்வரிசையில உக்காரப் போறாங்க. இதுங்க ரெண்டும் இப்பப் போயி...”

“அவங்க பாத்துக்கலேன்னா என்ன அண்ணா, நாம பாத்துக்கலாம்” என்றாள் வயோலாக்காரி. “தாளை மறந்துடுங்க. ஒரு கண்ணு அவ மேல, ஒரு கண்ணு அவர் மேல.”

“அப்ப காது?”

“காது எல்லார் மேலயும்.”

மாலையில் அரங்கம் நிரம்பி வழிந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் கூரையில் எதையோ ஆராய்ந்தான்.

அவள் மூச்சை இழுத்தாள். அவளோடு சேர்ந்து பதினாலு பேரும் இழுத்தார்கள். முதல் ஸ்வரம் ஒரே கையால் மீட்டியதுபோல் விழுந்தது.

அப்புறம் யாரும் யாரையும் விடவில்லை. வயோலாக்கள் இறங்கினால் வயலின்கள் தணிந்து வழிவிட்டன. அரங்கமே இருமாமல் காத்திருந்த ஓர் இடைவெளியில் தூண் ஒற்றை விரலால் தந்தியைச் சுண்டியபோது, அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது. தன் தாளின் பக்கத்தைப் புரட்டவே மறந்திருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசை அம்மாள் மேடைக்குப் பின்னாலேயே ஓடி வந்துவிட்டார். “அடுத்த வருஷம் கண்டிப்பா வந்தே ஆகணும். இப்பவே சொல்லிட்டேன்!”

ஆனால் சந்தோஷப்பட யாருக்கும் மனம் வரவில்லை. மேடையிலிருந்து இறங்கியதுமே அவள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் என்று கிளம்பிவிட்டார்கள்.

“கச்சேரி பிழைச்சுது. குடும்பம்?” என்றாள் வயோலாக்காரி. பதினாலு பேரும் கை தூக்கி ஓட்டுப் போட்டார்கள். இருவரையும் சேர்த்துவைத்தே தீருவது என்று ஏகமனதாக முடிவானது. சமாதானம் பேசத் தூண் கிளம்பினார்.

விடுதியில் அவளுடைய அறைக் கதவைத் தட்டக் கையை ஓங்கியவர், உள்ளே அவள் குரல் கரகரப்பதைக் கேட்டுத் தயங்கினார். அழுதிருக்கிறாள், பாவம்.

“அடுத்த ஊர்ல சண்டையை நீ ஆரம்பி. எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு!”