வலது பாதி

மார்லீஸ் குனியாமல் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்தால் நிமிர வேண்டும்.

செடிக்கடை கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு எதிரே இருந்தது. கல்லறைத் திருநாளுக்கு இன்னும் இரண்டு நாள். அன்று ஊரே வரும். தங்கள் வீட்டுக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அடுத்த வீட்டுக் கல்லறையில் என்ன செடி நிற்கிறது என்று எட்டிப் பார்க்கும்.

வசந்தத்தில் பான்சி, கோடையில் பெகோனியா, இலை உதிரும்போது எரிக்காப் பூச்செடி. பழையதைப் பிடுங்கி, மண்ணைக் கொத்தி, புதியதை நட வேண்டும். உட்டேயின் கல்லறைக்குப் பத்தொன்பது வருடங்களாக மார்லீஸ்தான் இதைச் செய்கிறாள்.

இந்த ஊர்க் குளிர் ஒரு செடியை ஒரேயடியாகக் கொல்லாது. நிம்மதியாக இருக்கவும் விடாது. ஒரு வாரம் உறைந்து கிடக்கும், மறு வாரம் சொதசொதவென்று நனைந்து கிடக்கும். பாதி செத்ததை மார்ச் மாதம் பிடுங்குவதுதான் எல்லாவற்றிலும் அலுப்பான வேலை.

"என்ன யோசனை? ஊதா எரிக்கா அந்த ஓரத்துல இருக்கு" என்றாள் ஹில்டே. உட்டேக்கு அடுத்த கல்லறை ஹில்டேயின் கணவருடையது.

"இந்தத் தடவை ஊதா வேணாம்."

மார்லீஸ் கீழ்த்தட்டைக் காட்டினாள். சின்னச் சின்னத் தடித்த இலைகள், தரையோடு படரும் செடி.

"இது குளிர் தாங்குமா?"

கடைக்காரி புதியவள். கோடையில்தான் மூன்ஸ்டர் நகரத்திலிருந்து வந்து கடையை வாங்கியிருந்தாள்.

"மைனஸ் பதினஞ்சு வந்தாலும் அசையாதும்மா. ரெண்டு வருஷத்துல பாய் விரிச்ச மாதிரி மூடிடும். அப்புறம் நீங்க வரவே வேணாம்."

வரவே வேண்டாம். அவளுக்கு முன்னால் அவள் முழங்கால்கள் அதைக் கேட்டுவிட்டன.

"அடியே, ஊரை விட்டுப் போனவங்க வைக்கிற செடிடி அது!" ஹில்டே கிட்டே வந்தாள். "உட்டே கொடுத்து வச்சவன்னு ஊரே சொல்லுது. என் மருமகளைப் பாரு. என் கல்லறையில ஒரு லோடு சரளைக்கல்லைக் கொட்டிட்டு, அந்த லாரியிலயே ஏறிப் போயிடுவா."

"முட்டி மடங்க மாட்டேங்குது ஹில்டே. மடங்கினா நிமிர மாட்டேங்குது."

கடைக்காரி செடித்தட்டை மேலே எடுத்து வைத்தாள்.

"ஒருத்தர் இடமா, ரெண்டு பேர் இடமாம்மா?"

"ரெண்டு பேர் இடம்."

"ரெண்டு பேரும் போயாச்சா, இல்ல இன்னும் யாராவது வரணுமா? தப்பா எடுத்துக்காதீங்க. இதோட வேர் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். பின்னாடி தோண்டும்போது மொத்தமும் கிழிஞ்சு வந்துடும்."

ஹில்டே திடீரென்று மெழுகுவர்த்திகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள்.

கல்லின் இடது பாதியில் உட்டேயின் பெயர் இருந்தது. வலது பாதியில் எழுத்தே இல்லை. வழவழவென்று இருந்த அந்தப் பாதியையும் ஒவ்வொரு முறையும் மார்லீஸ்தான் துடைத்து வந்தாள்.

"ஒருத்தர் வரணும்" என்றாள். "வலது பக்கம்."

கடைக்காரியின் குரல் தணிந்தது.

"அப்போ இடது பாதிக்கு மட்டும் இந்தச் செடி. வலது பாதிக்கு எப்பவும் போல எரிக்காவே வச்சுக்கங்க."

அப்படியென்றால் மறுபடியும் பான்சி. மறுபடியும் பெகோனியா. வேலையில் பாதிதான் குறையும். முழங்கால் பாதியாக மடங்காது.

மறுத்துப் பேச மார்லீஸுக்குத் தெம்பு இல்லை. தலையை ஆட்டினாள்.

"உங்க இடமாச்சே, உங்களுக்குப் பிடிச்சதா வைங்கம்மா. என்ன கலர் வேணும்?"

இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை.

"வெள்ளை."

ஹில்டே என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். மார்லீஸின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

லிண்டன் மரத்தடியில் கார் நின்றது. உள்ளே சூடு இருக்கட்டும் என்று எஞ்சினை அணைக்காமல் மார்லீஸின் கணவர் நோர்பர்ட் உட்கார்ந்திருந்தார். உட்டேயை அடக்கம் செய்த அன்று அந்த வாசலுக்குள் போனவர்தான். அதன்பிறகு காலை எடுத்து வைக்க முடியவில்லை. மார்லீஸைக் கொண்டுவந்து விடுவார். அவள் நட்டு முடிக்கும்வரை காத்திருப்பார்.

அவளைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினார். தள்ளுவண்டியில் இருந்த ஆறு வெள்ளை எரிக்காத் தொட்டிகளையும் பார்த்தார்.

"என்ன, வெள்ளை எடுத்திருக்கே? அவளுக்கு ஊதாதானே பிடிக்கும்."

"இது அவங்களுக்கு இல்ல" என்றாள் மார்லீஸ். "உங்க பக்கத்துக்கு."

அவர் அந்தப் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, முதல் தடவையாக, அவளைக் கேட்டார்.

"உனக்கு?"

மார்லீஸ் மண்கொத்தியை எடுத்துக்கொண்டு வண்டியை வாசல் பக்கம் திருப்பினாள்.

முதல் மனைவி உட்டே இறந்தபோது நோர்பர்ட் கேட்டு வாங்கியது இரண்டு பேருக்கான இடம். அப்போது அவருக்கு மார்லீஸைத் தெரியாது.