பூனைக்கு வைத்த கேமரா

மாடியில் கராத்தே வகுப்பு முடிந்தது. மாஸ்டர் வாசலில் திரும்பி நின்று, காலைச் சேர்த்து, காலி அறைக்குக் குனிந்து வணக்கம் வைத்துவிட்டுத்தான் கீழே இறங்கினார். முப்பது வருஷப் பழக்கம்.

கீழே கூடத்தில் புது மாப்பிள்ளையின் எதிரே போய் நின்றார், மாமனாரான மாஸ்டர்.

"ஃப்ரிட்ஜில இருந்த கேக்குல பாதியைக் காணோம். நீங்கதானே மாப்பிள்ளை?"

"சத்தியமா இல்ல மாமா."

"அத்தையும் உங்க பொண்டாட்டியும் கடைக்குப் போயிருந்தாங்க. எனக்குச் சர்க்கரை, இனிப்பைக் கண்ணால பார்க்கிறதோட சரி. வேற யாரு இருக்கா வீட்ல?"

மாஸ்டர் விரல்களைச் சொடுக்கினார். ஓடு உடைக்கிற கை. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு தொலைக்கலாமா என்றுகூட மாப்பிள்ளைக்குத் தோன்றியது.

"கொஞ்சம் இருங்க," என்று மாமியார் செல்போனோடு வந்தாள். "பாலைக் குடிக்கிற பூனையைப் பிடிக்கலாம்னு நேத்து சமையலறையில கேமரா வச்சேன்."

படத்தில், தலைமுதல் கால்வரை போர்வை போர்த்திய உருவம் ஒன்று கேக் தட்டோடு பூனைநடை போட்டது.

"முகமே தெரியலையே. ஆனா உயரம் மாப்பிள்ளை உயரம்தான்," என்றார் மாஸ்டர் அவசரமாக.

வாசலைத் தாண்டப் போன போர்வை சட்டென்று நின்றது. திரும்பியது. காலைச் சேர்த்து, காலி சமையலறைக்குக் குனிந்து வணக்கம் வைத்தது.

மாப்பிள்ளை மெதுவாக மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"பொய் சொல்ற பசங்களுக்கு மாடியில என்ன தண்டனை?" என்று கேட்டாள் மாமியார்.

"தண்டால்," என்றார் மாஸ்டர், தரையைப் பார்த்தபடி.

"ஆரம்பிங்க. மாப்பிள்ளை எண்ணுவார்."