பொறுப்பு கைமாறிய நேரம்

“பையை இறுக்கிப் பிடிச்சுக்க. லிஃப்ட்ல யாராவது பேச்சுக் குடுத்தாலும் வாயைத் திறக்காத,” என்றார் கணவர்.

மருந்துக்கடை அக்கா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கல்யாண நகையைக்கூட அவள் இப்படிக் காத்ததில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்? உள்ளே இருநூற்றுப் பதினேழு ஓட்டு இருந்தது.

அந்த ஏரிக்கரை ரிசார்ட்டில் ஒவ்வோர் அறையையும் வருடத்தின் ஐம்பத்திரண்டு வாரங்களாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு குடும்பம் என்று விற்றார்கள். வாரத்துக்கு ஓர் ஓட்டு. விற்காத வாரங்களின் ஓட்டெல்லாம் ரிசார்ட்டைக் கட்டிய கம்பெனிக்கு. அதை வைத்தே பதினோரு வருடமாக உரிமையாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவைக் கம்பெனி தன் கைக்குள் வைத்திருந்தது. தலைவர் நாற்காலியில் பில்டரின் மச்சான். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை மச்சான் என்றே சொல்வார்கள்.

வருடக் கூட்டத்துக்கு வர முடியாதவர்களிடம் ‘என் ஓட்டை இவர் போடலாம்’ என்று கடிதம் வாங்கி வரலாம். போன வருடம் உரிமையாளர்கள் அப்படி வாங்கிய ஒரு கடிதக் கட்டை வரவேற்பறையில் கொடுத்தார்கள். அது காற்றோடு போயிற்று. அதனால் இந்தத் தடவை எட்டு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்ததை அக்கா ராத்திரி தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்கினாள். இதையும் பறிகொடுத்தால் அடுத்த வருடம் ஒருவரும் அவளை நம்பப்போவதில்லை.

கணவரும் கூட வந்திருக்க வேண்டியவர்தான். ஆனால் மூன்றாவது மாடியில் அவர்களுடைய அறைக் கதவு நேற்றிலிருந்து தரையை உரசியது. காலையில் சாத்தவே முடியவில்லை. பெட்டி படுக்கைக்குக் காவலாக இருக்கிறேன் என்று அவர் தங்கிவிட்டார். ஜெயித்ததும் முதல் வேலையாகக் கார்பெண்டரைக் கூப்பிடு என்றார். புதுத் தலைவியின் முதல் உத்தரவே அதுதான் என்று சிரித்துவிட்டு அவள் கீழே இறங்கினாள்.

வழக்கமாகக் கூட்டம் தரைத்தளத்து ஹாலில் நடக்கும். இந்த வருடம் புல்வெளியின் கோடியில், கேட்டை ஒட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். ஹாலுக்குள் புழுக்கமாக இருக்கும், உங்கள் சௌகரியத்துக்காகத்தான் என்றார் மச்சான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் அக்காவுக்கு ஞாபகம் வந்தது. வெயிலில் வாட்டி, ஓட்டு எண்ணும் முன்பே பாதிப் பேரைக் கிளப்பிவிடப் பார்க்கிறான் என்று நினைத்தாள். அவர் நீட்டிய தண்ணீரைக்கூட வாங்கவில்லை.

கடிதங்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். எதிலாவது குற்றம் கண்டுபிடிப்பார் என்று அவள் காத்திருந்தாள். மச்சான் ஒன்றையும் மறுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், தூரத்துக் கட்டடத்தைப் பார்த்தார். கம்பெனியின் முறை வந்தபோது எழுந்து நின்றார்.

“விக்காத வாரத்துக்கெல்லாம் நாங்க இந்தத் தடவை ஓட்டுப் போடலை. உங்க ரிசார்ட்டு, நீங்களே நடத்துங்க.”

பந்தலில் எழுந்த கைதட்டல் ஏரி வரை கேட்டிருக்கும். குழுவின் ஐந்து இடமும் உரிமையாளர்களுக்கே. மருந்துக்கடை அக்கா தலைவி. பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பழம் ஏன் நழுவியது என்று அவள் மனது ஓரமாக அரித்துக்கொண்டே இருந்தது.

மச்சான் ஒரு சாவிக்கொத்தும், ஒட்டிய பழுப்புக் கவரும், ஒரு தாளும் கொண்டுவந்தார்.

“பொறுப்பை ஒப்படைச்சதுக்கு ஒரு கையெழுத்து, மேடம். நேரத்தையும் போட்டுடுங்க.”

டாக்டர்களின் கிறுக்கலையே விடாமல் எழுத்தெழுத்தாகப் படிக்கிறவள் அவள். ஆனால் சுற்றிலும் பத்துப் பேர் கைகுலுக்க நின்றார்கள். படிக்காமலே போட்டாள்: பதினொன்று நாற்பது. மச்சான் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஒரு வாய் டீ குடிக்கவும் நிற்கவில்லை. கம்பெனியின் இரண்டு கார்களும் கேட்டைத் தாண்டிப் போயின.

கவரைக் கிழித்தாள். உள்ளே போன மாதத் தேதியிட்ட இன்ஜினியர் அறிக்கை. ஏரிப் பக்கம் மண் கரைகிறது, தூண்கள் இறங்குகின்றன. ஆட்களை உடனே வெளியேற்ற வேண்டியது நிர்வாகக் குழுவின் பொறுப்பு. இனி எது நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியதும் அதுவே. அவர்கள் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்று பயந்து அவள் காத்தது ஓட்டுகளை. அவர்களோ பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டு ஓடக் காத்திருந்திருக்கிறார்கள்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். மூன்று மாடியிலும் பால்கனிக்குப் பால்கனி ஈரத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லோரையும் வெளியே வரச் சொல்லுங்கள் என்று கத்த வாயெடுத்தபோது செல்போன் அடித்தது. கணவர்தான். கைதட்டல் இங்கே வரைக்கும் கேட்டதே, ஜெயித்துவிட்டாய்தானே என்று உற்சாகமாகக் கேட்டார்.

“என்னங்க, உடனே கீழ இறங்கி வாங்க,” என்றாள்.

“எப்படி வர்றது? கதவு தானா சாத்திக்கிச்சு, இப்பத் திறக்கவே மாட்டேங்குது.”